உருண்டைக்குப் போடாத ஊசி

மார்ச் 3, செவ்வாய்

அன்புள்ள வாயாடிக்கு,

உன் பயந்தாங்கொள்ளி எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் நலம். நீ காலி செய்துகொண்டு போன அறைக்கு இரண்டு பையன்கள் வந்திருக்கிறார்கள். பொதுச் சமையலறையில் நீ பருப்பு வைத்திருந்த தட்டில் ஷூவை வைக்கிறார்கள். நீ இருந்திருந்தால் அந்த ஷூவைக் குழம்பிலேயே போட்டிருப்பாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் சண்டை, சண்டை வந்தால் வீட்டுக்காரர், அவர் வந்தால் எங்கள் விசா முடிந்துபோனது வெளியே தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு சமைக்கிறேன்.

போன் எடுக்கவில்லை என்று கோபப்படாதே. இவர் சிம்மைக் கழற்றித் தூக்கி எறிந்துவிட்டார். "போன வச்சுத்தான் ஆளப் பிடிக்கிறாங்களாம்" என்று கட்டட வேலையில் யாரோ சொன்னார்களாம். அதனால்தான் கடிதம். நீயும் எழுது. கீழே இருக்கும் தையல்கடை முகவரிக்குப் போடு, உறையில் என் பெயர் வேண்டாம். தையல்காரர் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுவார்.

மேல்மாடிக் குழந்தைக்குத் தட்டம்மை. நேற்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள், மூச்சு விடவே திணறிற்று. என் மகள் சுண்டுவின் சட்டையைக் கழற்றி முதுகெல்லாம் புள்ளி தேடினேன். பிறகுதான் உறைத்தது, இவளுக்குத்தான் ஊசி போட்டாயிற்றே என்று.

அந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? உன் மகள் உருண்டைக்கு ஊசித் தேதி, அவளுக்கோ காய்ச்சல். "வீணாப் போற சீட்டுதானேடி, உன் பொண்ணத் தூக்கிட்டு ஏறிக்கோ" என்று பஸ் டிக்கெட்டைத் தருவதுபோல அவள் ஊசி அட்டையை என் கையில் திணித்தாய். கிளினிக்கில் உருண்டையின் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து போனேன். நர்ஸ் கேட்டதற்கெல்லாம் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். இரண்டும் பெண், ஒரே மாதத்தில் பிறந்தவை. யாருக்குத் தெரியும்? என் கூடப்பிறந்தவள்கூட இப்படிச் செய்யமாட்டாள்.

உருண்டைக்கு அந்த ஊரில் போட்டுவிட்டாய் அல்லவா? அதை மட்டும் எழுதிவிடு.

உன்
பயந்தாங்கொள்ளி

&nbsp;

மார்ச் 11, புதன்

அன்புள்ள பயந்தாங்கொள்ளிக்கு,

ஷூ வைத்த பையன்களிடம் சொல், வாயாடி ஒருநாள் வருவாளாம் என்று.

உருண்டை நடக்கிறாள். நாலு எட்டு வைத்துவிட்டு யாராவது கைதட்டுகிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறாள். பார்க்கும்போதே விழுகிறாள். அப்பனைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

ஊசி இன்னும் போடவில்லையடி. போகாமல் இல்லை, போனேன். அட்டை தொலைந்துவிட்டது என்றால் புது ஊரில் முதலிலிருந்து தொடங்குவார்கள் என்று நினைத்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இங்கே நர்ஸ் கம்ப்யூட்டரைத் திறந்தாள். "இவளுக்குத்தான் போட்டாச்சே. அடுத்ததுக்கு இன்னும் நாளிருக்கு" என்றாள். "இல்லீங்க, தப்பா எழுதியிருப்பாங்க" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அப்ப அன்னிக்கு ஊசி போட்டுக்கிட்ட குழந்தை எது?" என்று கேட்டாள்.

தரையைப் பார்த்தபடி உருண்டையின் சட்டைப் பொத்தானை மாட்டினேன். என் புருஷன், அதுதான் உன் அண்ணன், அங்கே இருந்திருந்தால், இவள் வாயை அடைக்க ஒரு ஆள் பிறந்துவிட்டாளே என்று அந்த நர்ஸுக்கு மாலை போட்டிருப்பார். பிறகு வருகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு வந்துவிட்டேன். தனியார் டாக்டரிடமும் போனேன். அவருக்கும் கம்ப்யூட்டரில் அதே பதிவுதான் வந்தது.

இதை உனக்கு எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். முந்தாநாள், நான் வேலைக்குப் போகும்போது உருண்டையை விடுகிற காப்பகத்தில் ஒரு பையனுக்குத் தட்டம்மை என்று அந்த அறையைப் பூட்டிவிட்டார்கள். அந்தப் பையனும் இவளும் ஒரே பாயில்தான் விளையாடுவார்கள். நீ எழுதியிருந்தாயே, மேல்மாடிக் குழந்தை மூச்சுக்குத் திணறியதென்று. அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

உண்மையைச் சொன்னால்தான் இவளுக்கு ஊசி. உன்னை விட்டுவிட்டு உண்மையை மட்டும் சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா என்று யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. நீ சொல்லாமல் நான் வாயைத் திறக்கமாட்டேன். என்ன செய்யட்டும்? சீக்கிரம் எழுது.

உன்
வாயாடி

&nbsp;

மார்ச் 15, ஞாயிறு

வாயாடிக்கு,

சொல்லாதே. உன் காலில் விழுகிறேன், சொல்லிவிடாதே.

உன் கடிதத்தை இவரிடம் காட்டினேன். படித்துவிட்டு எழுந்து போய்ப் பெட்டியை இறக்கினார். சாயங்காலத்திலிருந்து மடித்து வைக்கிறோம். எங்கே போவது என்று கேட்டால் அடுத்த துணியை எடுத்து மடிக்கிறார். படியில் யார் ஏறினாலும் விளக்கை அணைக்கிறார். சுண்டு இருட்டில் அழுதால் வாயைப் பொத்துகிறேன். பெற்ற பிள்ளை வாயைப் பொத்துகிறேன், கேட்கிறாயா?

நீ யோசித்துப் பார். உன் மகளுக்கு ஒன்று வந்தால் எந்த ஆஸ்பத்திரிக் கதவும் திறக்கும். உனக்கு விசாக் காகிதம் இருக்கிறது. என் மகளுக்கு என்ன இருக்கிறது? அட்டையைக் கொடுத்தது நீதான். நான் கேட்கவில்லை.

பயந்தாங்கொள்ளி

&nbsp;

மார்ச் 25, புதன்

அன்புள்ள வாயாடிக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. தினமும் வேலை முடிந்து தையல்கடை வாசலில் நிற்கிறேன். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். நான் எழுதியதற்கு யார்தான் பதில் போடுவார்கள்?

எங்கள் சலவைக்கூடத்துக்கு ஆஸ்பத்திரி விரிப்புகளும் வரும், உனக்குத் தெரியும். திங்கட்கிழமை குழந்தைகள் வார்டு மூட்டை வந்தது. யானைப் படம் போட்ட சின்னச் சின்ன விரிப்புகள். பெரிய விரிப்பென்றால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று பிடித்து மடிப்போம். இதற்கு ஒரு ஆள் போதும். முழுக் கையைக்கூட விரிக்க வேண்டாம். ஒன்றை மடித்தேன். இரண்டாவதை எடுத்தபோது உருண்டை நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதாக எழுதியிருந்தாயே, அது கண்ணுக்குள் வந்துவிட்டது. அதற்குமேல் மடிக்க முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கிளினிக்குக்குப் போகிறேன் என்று இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார். ஒரு பையில் சுண்டுவின் துணியும் பால் புட்டியும் பிஸ்கட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். அப்படியே பிடித்து வைத்துக்கொண்டால் பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாதே. கிளினிக்கில் அன்றைக்கு ஊசி போட்ட அதே நர்ஸ்தான். சுண்டுவைக் காட்டி, "அன்னிக்கு ஊசி போட்டது இவளுக்கு. அந்தப் பேரு இவளோடது இல்ல. அந்தப் பேருக்காரிக்கு இன்னும் போடல, அவ ஊர்ல தட்டம்மை" என்று பாதி அவர்கள் பாஷையிலும் பாதி கையாலும் சொன்னேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். போலீஸைத்தான் கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். கதவு பக்கத்தில்தான் இருந்தது. ஓடியிருக்கலாம். ஓடினால் உருண்டைக்கு யார் சொல்வது? உட்கார்ந்திருந்தேன். சுண்டு என் வளையலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தவள் நன்றாகத் திட்டினாள். "ரெண்டு குழந்தை உசுரோட விளையாடியிருக்கீங்க. என்ன பொம்பளைங்க நீங்க?" என்றாள். திட்டிக்கொண்டே உன் ஊர்க் கிளினிக்குக்குப் போன் போட்டாள். உருண்டையின் பெயரை இரண்டு தடவை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிறகு என் பக்கம் திரும்பி, "சரி, இவ பேரு என்ன?" என்றாள். சொன்னேன். இந்த நாட்டில் ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து என் மகள் பெயரைச் சொன்னது இதுதான் முதல் தடவை. முகவரி கேட்டதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "சொல்ல இஷ்டமில்லன்னா விடுங்க. அடுத்த ஊசிக்குக் கூட்டிட்டு வந்தா போதும்" என்றாள். அது மெய்யா, ஆளைப் பிடிக்கிற தந்திரமா, எனக்குத் தெரியவில்லை. இருந்தும் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்து, "யாராச்சும் கதவத் தட்டுனா தொறக்காத" என்று மட்டும் சொன்னார். இன்றுவரை யாரும் தட்டவில்லை. தட்டமாட்டார்கள் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. பயம் போகவில்லையடி, அப்படியேதான் இருக்கிறது.

போன கடிதத்தில் நான் எழுதியது நெருப்பு. திரும்ப அள்ள முடியாது. உருண்டைக்கு ஊசி போட்டார்களா? அவள் நன்றாக இருக்கிறாளா? பதில் போடு. திட்டியாவது ஒரு வரி போடு. உறையின் பின்பக்கம் பார், என் பெயரும் அறை எண்ணும் எழுதியிருக்கிறேன். இனிமேல் அதற்கே போடு.

உன்
பயந்தாங்கொள்ளி

&nbsp;

மார்ச் 30, திங்கள்

பயந்தாங்கொள்ளிக்கு,

ஊசி போட்டாயிற்று. நீ போன அன்றைக்கே மத்தியானம் கூப்பிட்டார்கள். உருண்டை போட்ட கூச்சலில் வரிசையில் இருந்த மற்ற பிள்ளைகளும் சேர்ந்து ஊளையிட்டன. யார் சொன்னார்கள் என்று நர்ஸ் என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. உன்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

உன் அந்தக் கடிதம் வந்தபிறகு ஏன் எழுதவில்லை என்று தெரிந்துகொள். கோபம்தான். அட்டையைக் கொடுத்தது நீதான், நான் கேட்கவில்லை என்றாய். வாஸ்தவம். வாஸ்தவமாக இருந்ததால்தான் அப்படி வலித்தது. அந்த வலியோடு இரண்டு தடவை கிளினிக்குக்குப் போனேன், உன்னைக் காட்டிக்கொடுக்க. முதல் தடவை வாசலோடு திரும்பிவிட்டேன். இரண்டாவது தடவை நர்ஸுக்கு முன்னால் உட்கார்ந்து உன் பெயரின் முதல் எழுத்தைச் சொல்லிவிட்டேன். அப்போது உருண்டை மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டாள். துடைக்கிற சாக்கில் எழுந்து வந்துவிட்டேன். நீ போன திங்களுக்கு முந்தின வெள்ளி அது. இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் நான் சொல்லியிருப்பேன். இதைத் தெரிந்துகொண்டு நீ என்னோடு பேசுவதாக இருந்தால் பேசு.

ஊசி போட்டும் எனக்கு நிம்மதி இல்லை. அந்தப் பையனோடு ஒரே பாயில் இருந்தாளே, அப்போதே ஒட்டியிருந்தால் ஊசி பிந்திவிட்டது. கொஞ்ச நாள் கவனித்துப் பார்க்கச் சொன்னார்கள். காலையில் எழுந்ததும் ஜன்னலருகே தூக்கிக்கொண்டு போய்க் காதுக்குப் பின்னால், கழுத்து, முதுகு எல்லாம் பார்க்கிறேன். இன்று வரை ஒரு புள்ளி இல்லை. உடம்பு கொஞ்சம் சுடுகிறது. ஊசிக் காய்ச்சல்தான் என்கிறார் இவர். இருக்கலாம்.

சுண்டுவுக்கு முத்தம். இந்த உறையில் உன் முழுப் பெயரை எழுதலாமா என்று இரண்டு தடவை பேனாவை மூடி வைத்தேன். எழுதிவிட்டேன்.

புள்ளி வந்தால் எழுதுகிறேன். வராவிட்டாலும் எழுதுகிறேன்.

வாயாடி