வீட்டுக்குள் ஓவர்கோட்

கண்ட எல்லோரையும் நம்பிய என் அப்பாவுக்கு,

முதலில் மன்னியுங்கள். பக்கத்தில் இருந்தபோது நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், இப்போது எல்லோரும் படிக்கும்படி கடிதம் எழுதுகிறேன். ஆனால் இந்தச் செய்தியை உங்களிடம் சொல்லாமல் இருக்க ஏலவில்லை.

நாடகம் வென்றுவிட்டது, அப்பா.

நான் பல்கலைக்கழகத்தில் படித்த பழைய பிரெஞ்சு நகைச்சுவை நாடகத்தை எங்கள் தமிழில் எழுதி, போன சனிக்கிழமை ஃபாரஸ்ட் கேட் மண்டபத்தில் மேடையேற்றினோம். பக்திமான் வேடம் போட்ட ஒருவனைக் குடும்பத் தலைவர் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்து, மனைவி பிள்ளைகளை விட்டு அவன் சொல்வதையே கேட்கும் கதை. வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது எங்கள் வீடு.

எங்கள் சாமியாரை மறந்திருக்க மாட்டீர்கள். ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டினாலே காசு வீண் என்று சத்தம் போடும் நீங்கள், அவர் இருந்த முன்னறையில் இரவும் பகலும் அதை எரியவிட்டீர்கள். மற்ற அறைகளில் நிறுத்திவிட்டு, சொந்த வீட்டில் ஓவர்கோட்டோடு சோறு சாப்பிட்டீர்கள். பாலும் பழமும் தவிர வேறெதுவும் தொடாத அவர் ஒரு நாள் சொல்லாமல் போனார். பிறகு நீங்கள் ஆர்ச்வே முருகன் கோயிலால் திரும்பி வரும்போது, அவர் ரயில் ஸ்டேசன் வாசலில் கோழிக்கால் கடித்தபடி நின்றார்.

அதன் பிறகு சித்தப்பா ஒவ்வொரு கொண்டாட்டத்திலும், “அண்ணை, சாமிக்குக் குளிராதோ?” என்று கேட்பார். சனம் சிரிக்கும். நீங்கள் எழுந்து வெளியே போய் நிற்பீர்கள். நீங்கள் கண்மூடும் வரைக்கும் அப்படித்தான்.

அந்த ஓவர்கோட்டை நாடகத்தில் சேர்த்தேன். பிரெஞ்சில் அது இல்லை. அம்மாவுக்கு முன்கூட்டிச் சொல்லத் துணிவு வரவில்லை. அவர் எழுந்து போனால், நானும் உங்களைச் சபையில் வைத்துச் சிரித்தவள் ஆகிவிடுவேன். திரை இடுக்கால் சபையைப் பார்த்தபடி நின்றேன்.

நாடகத்துக் குடும்பத் தலைவர் கோட்டோடு வந்து, நடுங்கியபடி சோற்றைப் பிசைந்தார். மண்டபம் வெடித்துச் சிரித்தது. பிறகு தலைகள் அம்மாவின் பக்கம் திரும்பின. சிரிப்பு நின்றது.

“என்னைப் பாக்காதேங்கோ, மேடையைப் பாருங்கோ,” என்றார் அம்மா. “என்ர மனுசன் மேடையில நிக்கிற உவரைவிட வடிவா நடுங்கினவர்.”

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பு கடைசி வரிசைவரை போய்த் திரும்பி வந்தது. முடிவில் என்னையும் மேடைக்கு இழுத்தார்கள். நான் தலை குனியவில்லை, அப்பா.

எல்லோரும் போனபின் சித்தப்பா தயங்கித் தயங்கி வந்தார். “பிள்ளை, அந்தச் சாமியார் உங்களிட்ட வரமுதல் எங்கட வீட்டில ஒரு மாசம் இருந்தவர். நானும் கோட்டோடதான் படுத்தனான்.”

இன்னும் எத்தனை வீடுகளில், அப்பா?

பிரெஞ்சு படித்து இவள் என்ன செய்யப் போகிறாள் என்று கேட்டவரும் இதே சித்தப்பாதான். “அவள் சொன்னால் சரியாத்தான் இருக்கும்” என்றீர்கள். விளக்கம் கேட்கவில்லை. சாமியாரை நம்பிய அதே மனதால்தான் என்னையும் நம்பினீர்கள்.

அடுத்த மாதம் வால்தம்ஸ்டோவில் மீண்டும் போடுகிறோம். இந்த முறை குடும்பத் தலைவர் கோட்டைக் கழற்றிவிட்டுத்தான் கைதட்டலை வாங்குவார். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

ஒன்று கேட்கலாமோ? இவ்வளவு நேரமும் தயங்கினேன். அன்றைக்கு எல்லோரும் சிரிக்கும்போது வெளியே போய் நிற்காதீர்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து நீங்களும் சிரியுங்கள்.

நீங்கள் விளக்கம் கேட்காமல் படிக்கவிட்ட,
உங்கள் மூத்த மகள்