குதிரைத் தெருவில் ஒரு சிப்பாய்

ஆகஸ்ட் 2, செவ்வாய். வண்டன்மேடு.

விடியலிலிருந்து மழை. விறகெல்லாம் ஈரம். பள்ளியில் பாதிப் பிள்ளைகள்தான். பள்ளி மேனேஜரான பாதிரியார், மேனேஜர் அச்சன், லீவு கொடுத்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "டீச்சருக்கு இது மூணாம் தடவை அல்லே?" என்றார். ஆமாம், மாநிலச் சதுரங்கப் போட்டிக்கு மூன்றாம் தடவை. முன்பு இரண்டு தடவையும் பாலக்காட்டு விசாலத்திடம் தோற்று இரண்டாம் இடம். மாநிலத்தில் முதலாவதாக வரும் பெண்ணுக்குத்தான் டெல்லிப் போட்டி.

எடுத்து வைக்க: புடவை நாலு, குடை, தைலம், ஜெபமாலை, ரொட்டி. ஸ்வெட்டர் வேண்டாம். அது பெட்டியிலேயே கிடக்கட்டும்.

முதல் தடவை நான் தோற்ற வருஷமே என் வீட்டுக்காரர் சூசை கம்பம் சந்தைக்குப் போய், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வாங்கி வந்த நீல ஸ்வெட்டர். "டெல்லில குளிரு எலும்பக் கடிக்குமாம். அங்க போறப்ப போடு. அதுவரைக்கும் தொடாத." இந்த மலைக் குளிரில் பழைய சால்வையைச் சுற்றிக்கொண்டு, நானும் அதைத் தொடவில்லை. பைத்தியக்காரி. போன ஐப்பசியில் அவருக்குக் காய்ச்சல், கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது. இன்னும் வருஷம் திரும்பவில்லை.

இந்தத் தடவை ஜெயித்தே ஆக வேண்டும். அவர் வாங்கியது வீணாகக் கூடாது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 4, வியாழன். பாலக்காடு, கன்னியர் மடம்.

நாத்தனார் லூர்து கூட வந்திருக்கிறாள். வேலை பார்க்கும் ஏலக்காய் ஸ்டோரில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். "அண்ணன் இல்லாம நீங்க ஒத்தையா போவக் கூடாது மதினி." அவளுக்குக் கம்பமெட்டு இறக்கத்தில் வாந்தி, பழனியில் வாந்தி, பொள்ளாச்சியில் தெளிந்து இரண்டு வடை. எமர்ஜென்சி போனதும் பஸ்ஸெல்லாம் பழையபடி லேட். இங்கே வெயில், மழை வாசனையே இல்லை. காது அடைத்த மாதிரி இருக்கிறது.

பஸ்ஸில் முழுக்க சூசை நினைப்பு. கடைசிவரை போட்டி விதிப்படி என்னோடு ஆடவே இல்லை மனுஷன். நம்ம வீட்டு ஆட்டம்தான். அதில் சிப்பாய் கடைசிக் கட்டம் போய்ச் சேர்ந்தால் ராணி ஆக முடியாது. யானை நின்ற வரிசையில் போனால் யானை, குதிரை வரிசையில் போனால் குதிரை. போட்டியில் அப்படி இல்லை, எதில் போனாலும் ராணி வைக்கலாம், எல்லோரும் ராணிதான் வைப்பார்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "எந்தத் தெருவுல நடந்தானோ அந்தத் தெருக்காரனாத்தான் ஆவான். எல்லாரும் ராணியாயிட்டா குதிரைக்கு யாரு புல்லு போடுறது?" என்று சிரிப்பார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் தினமும் ஒரு ஆட்டம். கல்யாணமானதிலிருந்து.

அவர் போன பிறகு பலகையை வீட்டில் விரிக்கவில்லை. புத்தகம் பார்த்து மனசுக்குள்ளேயே பயிற்சி.

ஆகஸ்ட் 6, சனி.

இன்றும் ஜெயம். தலைவலி. மடத்துக் கஞ்சி நன்றாக இருக்கிறது.

நாளை கடைசி ஆட்டம், விசாலத்தோடு. அவள் என்னைவிட அரைப் புள்ளி மேலே. நான் ஜெயித்தால் நான். சமனானால் அவள்.

போட்டி மண்டபக் குழாயடியில் அவளைப் பார்த்தேன். கல்பாத்திக்காரி, காலேஜில் கணக்கு டீச்சர், மூக்கில் வைரம், பலகைக்கு முன் உட்கார்ந்தால் இமைக்க மாட்டாள். சிரித்துக்கொண்டே, "சூசை சார் வரலையா? இந்தத் தடவை நேக்கு ஏலக்காய் இல்லையா?" என்றாள். அவர் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரு பொட்டலம் கொண்டுவருவார். என் பெண்டாட்டியை ஜெயிக்கிறவளுக்குப் பரிசு என்று கிண்டல்.

அவர் போனதைச் சொன்னேன். ஈரக் கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதலாக ஏதாவது பேசியிருந்தால் அழுதிருப்பேன். அடக்கத்தன்றும் எனக்கு அழுகை வரவில்லை, லூர்து இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

ஆகஸ்ட் 7, ஞாயிறு. மாலை.

முதல் பூசை பார்த்துவிட்டுப் போனேன்.

முடிந்தது. சமன்.

எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளை மாற்றிச் சொல்லிக்கொள்வேன். மத்தியானம்வரை இருவரும் அசையவில்லை. பிறகு ராணிக்கு ராணி போயிற்று, யானைக்கு யானை போயிற்று. கை வியர்த்துப் புடவையில் துடைத்துத் துடைத்து முந்தானை கசங்கல். வி. ஒரு தடவை ராஜாவைத் தப்பான பக்கம் நகர்த்தினாள், நான் பார்த்துவிட்டேன். கடைசியில் அவளிடம் ராஜா மட்டும். என்னிடம் ராஜாவும், குதிரை வரிசையில் ஓடுகிற ஒரு சிப்பாயும். அதைத் தடுக்க அவளால் முடியாது. ஜெயித்துவிட்டேன். அவளுக்கும் தெரியும், தண்ணீர் குடித்தாள். என் கடிகாரத்தில் நேரம் தீர்ந்து முள் விழப் போகிறது. சிப்பாய் கடைசிக் கட்டம் தொட்டது. வெட்டுப்பட்ட என் காய்கள் அவள் பக்கம் வரிசையாக. கை நீட்டி எடுத்து வைத்து, கடிகாரத்தை அமுக்கிவிட்டேன்.

குதிரை.

ராணி அதற்குப் பக்கத்திலேயே இருந்தது.

ஒற்றைக் குதிரையை வைத்துக்கொண்டு எந்த ராஜாவையும் கட்ட முடியாது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இத்தனை வருஷப் போட்டியில் ஒரு தடவைகூட நான் இப்படிச் செய்ததில்லை. களைப்பில் கை தானாகவே வீட்டு ஆட்டம் ஆடியிருக்கிறது.

நடுவர் ஜன்னல் பக்கம் போயிருந்தார். வி. என்னையே பார்த்தாள். குனிந்து, தணிந்த குரலில், "கை தவறி வச்சுட்டேள். எடுத்துடுங்கோ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

எடுத்திருக்கலாம். எடுத்தால் டெல்லி. வைத்த காயை மாற்றக் கூடாது என்ற விதிதான் தடுத்தது என்று எழுதினால் பொய். அது சூசை வைத்த குதிரை. பலகையிலிருந்து அதையும் தூக்க எனக்குக் கை வரவில்லை.

"வச்சது வச்சதுதான்" என்றேன். அவர் சொல்வது.

அப்புறம் அழுகை வந்தது. சபை நடுவே, சத்தமாக. நடுவர் ஓடி வந்தார். தோற்ற வருத்தம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். வி. மட்டும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்காத்துலயும் அம்மா அப்படித்தான் ஆடுவா. குதிரைக் கட்டத்துக்குப் போனா குதிரைதான்." ஏலக்காய்ப் பொட்டலத்தைக் கொடுத்தேன். கொண்டுதான் வந்திருந்தேன்.

ஆகஸ்ட் 8, திங்கள். பஸ்.

லூர்து கேட்கிறாள், "தோக்கலதான மதினி?" இல்லை, சமன். "அப்ப அண்ணன் சந்தோசப்படும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஸ்வெட்டரை வி.க்கே பார்சலில் அனுப்பிவிடலாமா? டெல்லிக்காவது போய்ச் சேரும்.

ஆகஸ்ட் 10, புதன். வண்டன்மேடு.

மழை. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். மூன்றாம் வகுப்பு விடைத்தாள் பாக்கி. மேனேஜர் அச்சன் ஒன்றும் கேட்கவில்லை, நல்லது.

பார்சல் கட்டப் பெட்டியைத் திறந்தேன். ரசகற்பூர வாசனை. கட்டுவதற்கு முன் ஒரே ஒரு தடவை என்று போட்டுப் பார்த்தேன். தோள் தொங்குகிறது. கை நீளம், விரல்கள் வெளியே தெரியவில்லை. வி.க்கும் சேராது, எந்தப் பெண்ணுக்கும் சேராது. கடையில் தன் மேல் வைத்து அளவு பார்த்திருக்கிறார்.