எச்சிலில் தெரியாத பால்

வைகாசி 6, திங்கள்

காலையிலேயே அனல். வாடிப்பட்டி பஸ்ஸில் நின்றபடியே பயணம். கைப்பிள்ளைக்காரி செல்விக்கு ஆராய்ச்சித் தண்ணீர் கொடுத்தாயிற்று. கன ஹைட்ரஜன் கலந்தது, கதிர்வீச்சு கிடையாது. தாய் குடித்தால் பாலில் இறங்கும். பால் குடித்த பிள்ளையின் எச்சிலில் தெரியும். எவ்வளவு பால் போகிறது என்று அதை வைத்துக் கணக்கு. அவள் மாமியாருக்கு இதையே திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை வறண்டது.

மடியில் பிள்ளை கொழுகொழு. வேறு என்ன கொடுக்கிறாய் என்றேன். "பச்சத் தண்ணிகூடக் குடுக்கலக்கா." பிள்ளையைப் பார்க்காமலே சொன்னாள்.

வாங்க: பஞ்சு, ஐஸ் பெட்டிக்கு மூடி. செருப்பு தைக்கணும்.

வைகாசி 13, திங்கள்

மழை வரும்போல இருந்து ஏமாற்றியது. செல்வியின் எச்சிலில் கன ஹைட்ரஜன் இருக்கிறது. பிள்ளையின் எச்சிலில் துளியும் இல்லை. குப்பியில் பேர்ச்சீட்டை மாற்றி ஒட்டியிருப்பேன் என்று ஆபீஸ் மேடம் கத்தல். நானா? பற்றிக்கொண்டு வந்தது.

வைகாசி 16, வியாழன்

நேற்று மறுபடி எடுத்த எச்சிலிலும் இல்லை. அப்படியானால் அந்தப் பிள்ளை இவளிடம் ஒரு மடக்குகூடக் குடிக்கவில்லை. செல்வியின் ரவிக்கையோ பாலில் நனைந்திருந்தது. அவள் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, முற்றத்தில் பேசியதும் பிள்ளை அந்தப் பக்கம் தாவியதும் இப்போதுதான் உறைக்கிறது.

வைகாசி 17, வெள்ளி

ஆஸ்பத்திரி வராந்தா. பிள்ளையை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

காலையில் ஆபீசில் சொல்லாமல் போனேன். இது உன் பிள்ளைதானா என்று கேட்டதும் செல்வி உடைந்தாள். ஓரகத்தி பிள்ளையாம். இவளுடையதற்குத் தோசம் தட்டி மெலிந்துவிட்டதாம். வெளியாள் கண்ணில் படக்கூடாதென்று உள்ளறையில் வைத்து, ஆராய்ச்சிக்குப் பேர் எழுதிய அங்கன்வாடி அக்காவுக்கு மறுப்புச் சொல்ல முடியாமல் ஓரகத்தி பிள்ளையைக் காட்டினார்களாம்.

மாமியார் கதவை மறித்தாள். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா புள்ளைய வெளிய எடுக்கக் கூடாது. நாளைக்கு மந்திரிக்க வாராக."

தள்ளிக்கொண்டு நுழைந்தேன். கடவுளே. தொடையில் தோல் மடிந்து தொங்கியது. கண் செருகிக் கிடந்தது. இத்தனை நாளும் பக்கத்து அறையில் உட்கார்ந்து கொழுத்த பிள்ளையை எடை போட்டிருக்கிறேன்.

ஆம்புலன்ஸ் மதுரை கோரிப்பாளையம் நெரிசலில் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி கண்ணெதிரே. செல்வி மார்பை வாயில் வைத்தாள். "பால் கட்டியிருக்குக்கா. குடிச்சிருவான்."

பால் தானாகவே இறங்கியது. அவன் விழுங்கவில்லை. கடைவாயில் வழிந்து என் கையெல்லாம் பால்.