சர்பத்தை யாரும் சொல்லவில்லை

மயிலாப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அதீபாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் தம்பி தல்ஹாவும் வயிறு உட்பட எல்லா விதத்திலும் சுகம். லிவர்பூல் குளிரில் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் தாளில் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே, உம்மா அப்படிச் செய்யலாமா, இப்படிச் செய்யலாமா என்று ஆரம்பித்துவிடுவாய். இதை நீ குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டாக வேண்டும்.

உன் பெரிய வாப்பா அப்துல் வஹீத் நமக்குச் செய்ததை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. அவர் மூத்த மகள் வஜீஹா கல்யாணத்துக்கு உன் வாப்பாதான் சமைத்தார். அண்ணன் மகள் கல்யாணம் என்று கூலி பேசாமல் மூன்று தேக்சா பிரியாணி இறக்கினார். மறுநாள் ஆண்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு வாந்தி பேதி, ஆஸ்பத்திரியில் காலரா என்றார்கள், வரிசையாக டிரிப்ஸ் ஏறியது. நம் வழக்கப்படி நாலு பேருக்கு ஒரு சஹன். ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒரே சோற்றில் கை வைத்தவர்கள் படுத்துவிட்டால் ஊர் சோற்றைத்தானே சொல்லும்? ஊர் சொல்லட்டும், காக்கா காக்கா என்று இவர் உயிரை விடும் கூடப் பிறந்த அண்ணன் சொல்லலாமா? ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று அத்தனை பேர் காதிலும் விழும்படி, "தம்பி கைய நம்பி மோசம் போயிட்டேன்பா, கழுவாத கை" என்றாரே! அன்றோடு வாப்பாவின் அடுப்பு அணைந்தது. டீக்கடைக்குப் போனால்கூட "இன்னா காதரு, கை கழுவினியா?" என்று ஒருவன் கேட்பான், மற்றவர்கள் சிரிப்பார்கள். இவரும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து குழாயடியில் நின்று கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் அடிவயிறு எரியும்.

நீ தொற்றுநோய்ப் படிப்புக்குப் போகிறேன் என்றபோது உன் மாமிமார்கள், பொம்பளைப் பிள்ளைக்கு உலகத்து வியாதியெல்லாம் எதற்கு என்று கேட்டார்கள். உனக்குத் தெரிந்த ஒரு நோய்ப் பரவலைத் துருவிப் பார் என்று உன் புரொபசர் வேலை கொடுத்த அன்று, எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நீ கேட்கச் சொன்னபடி வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கேட்டேன். உன் வீட்டுக்காரர் யாரோடு சஹனில் உட்கார்ந்தார், யார் படுத்தார்கள், யார் தப்பித்தார்கள் என்று. என்ன சாப்பிட்டார் என்றால் எல்லோரும் சோறு, கறி, தால்சா என்பார்கள். சர்பத்தை யாரும் சொல்லவில்லை. நம் ஆட்களுக்கு சஹனில் விழுவதுதான் சாப்பாடு, ஆண்கள் பக்கம் உள்ளே நுழையும்போது வாசலில் நின்று குடித்தது கணக்கிலேயே கிடையாது. சர்பத் குடித்தாரா என்று தனியாகக் கேளுங்கள் உம்மா என்று நீ சொன்ன பிறகுதான் குட்டு உடைந்தது. ஒவ்வொரு சஹனிலும் தப்பித்தவர் யார் என்று பார்த்தால் சர்க்கரை வியாதிக்காரர்! இனிப்பு ஆகாது என்று சர்பத்தைத் தொடாத கிழவர்கள் சோற்றை இரண்டு மடங்கு அள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள். அதே தேக்சாவில் சாப்பிட்ட பெண்கள் பக்கம் ஒருவருக்கும் ஒன்றுமில்லை, நமக்கு பாட்டிலில் ரோஸ்மில்க் அல்லவா வந்தது. கொதிக்கக் கொதிக்க தம்மில் இருந்த சோற்றில் அந்தக் கிருமி பிழைக்காது, ஐஸில் சாகாது என்று நீ விளக்கினாய். அந்த ஐஸ் எங்கிருந்து வந்தது என்று பெரிய வாப்பாவின் பேக் கடையில் வேலை பார்க்கும் முருகனைப் பிடித்துக் கேட்டேன். "ஐஸ் தீந்துபோச்சுக்கா, மீன் வண்டிக்குப் போற கட்டிய வாங்கியாடான்னு மொதலாளிதான் சொன்னாரு, நான் இன்னா பண்ணட்டும்?" என்றான்.

இதைச் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? யார் குற்றம் என்பது எங்கள் வேலை இல்லை உம்மா, அடுத்தவருக்கு வராமல் தடுப்பதுதான் வேலை, கட்டுரையில் பெயர்கூடப் போடமாட்டோம் என்றாய். சரி மகளே, அது உன் வேலை. மிச்சம் என் வேலை.

போன வியாழக்கிழமை பெரிய வாப்பாவின் இளைய மகள் ஜுவேரியாவுக்கு நிக்காஹ். சமையல் வெளி ஆள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பெண்கள் ஹாலில் நடுவாக, அன்வரி பேகத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பெரிய வாப்பாவின் மனைவிதானே, அவருக்குத் தெரியாததா! சர்பத் எப்படி லாத்தா, ஐஸ் நல்ல ஐஸ்தானே என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "பயப்படாதே நஸ்ரு, இந்தத் தடவ அவரே போயி குடிக்கிற தண்ணி ஐஸ் பாக்கெட்டா வாங்கியாந்தாரு" என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. அப்போ போன தடவ ஐஸுக்கு என்ன லாத்தா என்றேன். அவ்வளவுதான். அவர் முகம் போன போக்கைப் பார்க்க நீ இல்லையே! சுற்றி இருந்தவர்கள் எல்லாம் நான் கேள்வி கேட்டுப் போன வீட்டுக்காரிகள், ஒருத்திக்கும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. ஆளுக்கொரு போனை எடுத்தார்கள். ஏங்க, அந்த சர்பத்தைத் தொடாதீங்க, காதர் சோத்துல ஒண்ணுமில்லையாம், அவரு அண்ணன் வாங்கின ஐஸாம். கல்யாண வீடாயிற்றே என்று ஒரு கணம் தோன்றியது. ஜுவேரியா நல்ல பிள்ளை, அவளுக்காக மட்டும் வருந்தினேன். அவள் வாப்பாவுக்காக எள்ளளவும் இல்லை.

ஆண்கள் பக்கம் நடப்பது எங்கள் ஹாலில் பெரிய டிவியில் தெரியும் அல்லவா, நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். வரிசையாக எல்லோரும் போனைக் காதில் வைக்கிறார்கள், கையிலிருந்த கிளாஸைக் கீழே வைக்கிறார்கள். பெரிய வாப்பா தானே டிரேயைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் போய் நிற்கிறார். ஒருவரும் எடுக்கவில்லை. நம் தேக்சா தீண்டுவாரில்லாமல் கிடந்த மாதிரி அவர் சர்பத் கிடந்தது. எனக்குக் குளிர்ந்துபோனது, மகளே. பாவம் என்றாலும் சொல்கிறேன், அப்படிக் குளிர்ந்தது.

அப்போதுதான் உன் வாப்பா எழுந்தார். போய் அந்த டிரேயிலிருந்து ஒரு கிளாஸை எடுத்தார். ஐயோ, இந்த மனுஷன் எல்லாவற்றையும் கெடுத்தாரே, இப்படியும் ஒரு அப்பிராணியா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். டிவியில் சத்தம் வராது. அவர் ஏதோ கேட்டார், அண்ணன் தலை குனிந்தது, இவர் ஒரே மடக்கில் குடித்தார், சபை மொத்தமும் குலுங்கிச் சிரித்தது. என்ன நடந்தது என்று தரமணி ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு அங்கே நின்ற தல்ஹாதான் வந்து சொன்னான். கிளாஸைக் கையில் எடுத்து, அண்ணன் முகத்தைப் பார்த்து, மெதுவாகக் கேட்டாராம்: "கை கழுவினியா காக்கா?"

நான் இத்தனை நாள் கறுவிக்கொண்டு திட்டம் போட்டதெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் நிற்காது. பாக்கெட் ஐஸ்தான் என்றாலும் நம்பாமல் இரண்டு நாள் ஓஆர்எஸ் பொட்டலத்தோடு அவர் பின்னாலேயே சுற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. நேற்று கொட்டிவாக்கத்திலிருந்து ஒரு வலீமா விருந்துக்குச் சமைக்கக் கேட்டு போன் வந்தது. காலையிலிருந்து கரண்டிகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கையைத் தேய்ப்பதை விட்டுவிட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் ரொட்டியில் காலம் தள்ளாதே, பஜ்ரு தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த கல்வியும் தருவானாக. ஒன்றை மட்டும் மறக்காதே. உன் கட்டுரையில் பெரிய வாப்பா பெயர் வர வேண்டாம், சம்மதம். சோற்றில் குற்றமில்லை என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை மட்டும் தமிழில் பெரிய எழுத்தில் அடித்து அனுப்பு. சட்டம் போட்டு ஹாலில் மாட்டப் போகிறேன். பெருநாளுக்கு அவர் வராமல் எங்கே போவார்? அதற்கு நேர் எதிர் நாற்காலியில் உட்காரவைத்து என் கையாலேயே அவருக்கு சர்பத் கொடுப்பேன். ஐஸ் நிறையப் போட்டு.

உன் உம்மா,
நஸ்ருன்னிசா காதர்.