போஸ்டரில் நின்ற வாடிக்கையாளர்

பிப்ரவரி 4

அன்பு நாத்தனாருக்கு,

கடவுள் கிருபையால் எல்லோரும் நலம். உன் அண்ணனுக்கு இருமல் விட்டது. சத்தம் போடுவது மட்டும் விடவில்லை.

பஸ் நிறுத்தத்தில் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். உங்கள் கம்பெனி சலவைத் தூள் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிறேன். தையல்காரம்மா ஓடி வந்து, "போஸ்டர்ல இருக்கறது நீங்கதானே? உங்களை நம்பி நானும் வாங்கிட்டேன்" என்றாள். நீ சும்மா கொடுத்ததைத் தொடாமல், கடையில் வாங்கி, எத்தனை நாள் வருகிறது என்று எழுதிப் பார்த்த பிறகுதானே நல்லது என்றேன்? தலைநிமிர்ந்து ஆமாம் என்றேன்.

ஒன்றே ஒன்று. படத்துக்குக் கீழே "திருப்தியடைந்த வாடிக்கையாளர்" என்று இருக்கிறது. வீட்டு மனுஷி என்று சொல்லிக்கொள்ள உனக்குக் கூச்சமோ? சரி, தொழில் உன்னுடையது.

உன் அண்ணி


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

கூச்சமெல்லாம் இல்லை. "சொந்தக்காரங்கன்னு போட்டா எவன் நம்புவான்?" என்றார் மேனேஜர். நானும் தலையாட்டினேன்.

இப்போது அதுதான் கழுத்தைப் பிடிக்கிறது. விளம்பரத் தொழிலுக்கான சான்றிதழுக்குப் படிக்கிறேன் இல்லையா? கடைசிக் கட்டமாக, நான் செய்த ஒரு விளம்பரத்தைத் தேர்வுக் குழு முன்னால் வைக்க வேண்டும். நான் கொடுத்திருப்பது இந்தப் போஸ்டரைத்தான். பாராட்டுகிறவர் சொந்தக்காரர் என்றால் பார்ப்பவருக்குத் தெரியும்படி எழுத வேண்டும் என்பது தொழில் நெறி. அந்தப் பாடத்தை இப்போதுதான் படித்தேன். போஸ்டரை எடுக்கச் சொல்லப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 15

நாத்தனாருக்கு,

எடுத்துவிடு. பொய் சொல்லி மாட்டிக்கொண்டாள் என்று தெருவில் பேசட்டும். கடவுளுக்குப் பயந்து ஒவ்வொரு சொல்லையும் அளந்து சொன்னவள் நான். நீ படிக்கிற நெறியில் என் மானத்துக்கு ஒரு வரி இல்லையா?

உன் அண்ணன் நலம்.

அண்ணி


மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

குழுவிடம் நானே சொல்லிவிட்டேன். "இவங்க என் அண்ணி. சொன்னது அத்தனையும் நிஜம். உறவை மறைச்சது நாங்க." குழுத் தலைவியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "திருத்துங்க, இல்லைன்னா எடுங்க. அதுவரைக்கும் சான்றிதழ் கிடையாது" என்றார்.

மேனேஜருக்கு எடுத்துவிட்டால் வம்பு முடிந்தது. எனக்குத்தான் உங்கள் கடிதம் நெஞ்சில் உறுத்துகிறது. படத்துக்குக் கீழே ஒட்ட ஒரு காகிதப் பட்டை அச்சடித்து வைத்திருக்கிறேன்: "எங்கள் விளம்பர அலுவலரின் அண்ணி." ஒட்டுவதா, போஸ்டரையே கிழிப்பதா? நீங்கள் சொல்கிறபடி.

உங்கள் நாத்தனார்


மார்ச் 6

அன்பு நாத்தனாருக்கு,

உன் கடிதத்தைப் பிரார்த்தனை முடித்து இன்னொரு தரம் படித்தேன். பிறகு தையல்காரம்மாவிடம் போய், "அந்தக் கம்பெனில என் நாத்தனார் வேலை பாக்குறா" என்றேன்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. நான் அளந்து சொன்ன சொற்களில் அந்த ஒன்று இல்லையே. நெறி எழுதியவர்கள் இவளைப் போன்றவர்களை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அவள் ரவிக்கையின் ஒரு கையைத் தைத்து முடித்தாள். அப்புறம் குபீரென்று சிரித்தாள். "நாத்தனார் விக்கிற சாமானை அண்ணி நல்லாருக்குன்னு சொல்றதா! அப்போ நிஜமாவே நல்லதாத்தான் இருக்கும்."

பட்டையை ஒட்டச் சொல். ஆனால் எழுத்துப் பெரிதாக வேண்டும், ஓடுகிற பஸ்ஸிலிருந்தும் படிக்கிற மாதிரி. சின்னதாக அச்சடித்திருந்தால் மறுபடி அடி.

இப்படிக்கு,
போஸ்டரில் உள்ளபடி,
உன் அண்ணி