பாலத்தைச் சரிசெய்த மடல்

மார்ச் 4

மடல் அச்சுக்குப் போக வேண்டும். மூன்றாம் பக்கத்தில் பாதி இன்னும் காலி. எங்கள் சட்டமன்ற உறுப்பினர் (அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ஐயா) தெருவிளக்கு, சாக்கடை, நூலகக் கூரை என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். எல்லாப் படத்திலும் அதே சிரிப்பு, சட்டைதான் வேறு.

தொகுதி மக்களுக்கு மாதம் ஒரு செய்தி மடல். பத்திரிகையில் பிழை திருத்திக் கண் கெட்டபிறகு இந்த வேலைக்கு வந்தேன். இங்கே ஒரு வழக்கம். மடல் அச்சாகி வீடுகளுக்குப் போய்ச் சேர மூன்று வாரம் ஆகும். அதற்குள் முடியப்போகிற வேலைகளை முடிந்ததாகவே எழுதிவிடுவோம். ஆறிப்போன செய்தியை எவன் படிப்பான் என்பது ஐயாவின் வாதம். இதுவரை மானம் போனதில்லை. மடல் வருவதற்குள் விளக்கு எப்படியோ எரிந்துவிடும்.

மார்ச் 6

காலிப் பாதிக்கு விஷயம் கிடைத்தது. ஆற்றின் மேல் இருக்கிற பழைய தொங்குபாலம். காலையில் போய்ப் பார்த்தேன். இரும்புச் சங்கிலி என் கை பருமன், இன்றும் அசையாமல் நிற்கிறது. கரைத் தூணில் கல் செதுக்கியவர்கள் ஆளுக்கொரு குறி வைத்திருக்கிறார்கள். ஒருவர் மீன், ஒருவர் பிறை. பலகைகள்தான் உளுத்துவிட்டன. போன மழைக்குப் பிறகு கயிறு கட்டி அடைத்துவிட்டார்கள்.

பாலம் அடைத்ததில் என் அண்ணனுக்குத்தான் பெரிய பாடு. வீடு இந்தக் கரை, தையல் கடை அந்தக் கரை. முட்டிவலியோடு ஊரைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போகிறார்.

ஐயாவின் உதவியாளரைக் கேட்டேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சரிங்கய்யா'. அந்த வாயில் வேறு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. இருபதாம் தேதிக்குள் புதுப் பலகை போட்டுவிடுவார்கள், ஒப்பந்தக்காரர் ஐயாவிடமே சொல்லியிருக்கிறார் என்றார்.

எழுதினேன். 'நூற்றாண்டு கண்ட தொங்குபாலம் புதுப் பலகைகளுடன் மீண்டும் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது.' மீனையும் பிறையையும் விடாமல் எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது.

மார்ச் 7

அச்சுக்குப் போயிற்று.

மார்ச் 21

பலகைகள் வந்து கரையில் அடுக்கிக் கிடக்கின்றன, மேலே தார்ப்பாய். ஆள் ஒருவரும் இல்லை. மந்திரி விழாவுக்கு மேடை போட எல்லோரையும் கூட்டிப் போய்விட்டார்களாம். விநியோகத்தை ஒரு வாரம் தள்ளிப்போடலாமே என்று சரிங்கய்யாவிடம் சொன்னேன். ஐயாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். சொல்லவில்லை.

மார்ச் 26

மடல் வீடுகளுக்குப் போய்விட்டது. பாலம் அப்படியேதான் இருக்கிறது. நேரே ஐயாவிடம் போனேன். பாலம் இன்னும் திறக்கவில்லை என்று ஒரு துண்டுச் சீட்டாவது அடித்துக் கொடுக்கலாம் என்றேன்.

"ஏம்மா, இதைப் படிச்சிட்டு யாரு பாலத்துக்கு ஓடப்போறா? அதான் கயிறு கட்டியிருக்கே."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கயிறு இருக்கிறதே. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 28

அண்ணன் விழுந்துவிட்டார்.

கயிறு இல்லை. அவிழ்த்துவிட்டார்கள். யாரோ அல்ல, இரண்டு கரைக்காரர்களும்தான். மடலைப் படித்துவிட்டு, வேலை முடிந்தும் ஆட்கள் கயிற்றை எடுக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்து அவர்களே அவிழ்த்திருக்கிறார்கள். அண்ணன் தைத்த துணி மூட்டையோடு காலையில் ஏறினாராம். நடுவில் பலகை விட்டுவிட்டது. கீழே பாறை. இடுப்பு, தொடை இரண்டும் முறிந்திருக்கிறது.

மருத்துவமனை நடையில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. "இன்னும் ஒரு நாள் பாத்துட்டுப் போங்களேன்னேன். 'என் தங்கச்சியே எழுதியிருக்கா, அப்புறம் என்ன'ன்னு சொல்லிட்டுப் போனாரு" என்றாள்.

திட்டியிருக்கலாம்.

ஒரு போன். ஒரே ஒரு போன் பண்றதுக்கு எனக்கு என்ன கேடு வந்துச்சு? ஞாயித்துக்கிழமையாம், நேர்ல சொல்றாளாம்.

மார்ச் 31

அறுவைசிகிச்சை முடிந்தது. ஐயா பழக்கூடையும் படம் எடுக்கிறவருமாக வந்தார். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தார். அவர் போனதும் அண்ணன் என்னைக் கிட்டே கூப்பிட்டு, "அவரு சட்டைத் துணி நல்ல துணி. தைச்சவன்தான் தோள்ல கெடுத்துட்டான்" என்றார். சிரிக்கப் போய் அழுதுவிட்டேன்.

ஏப்ரல் 3

அடுத்த மடலுக்கு நாள் நெருங்கிவிட்டது. வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொன்னது எப்படியோ ஐயா காதுக்குப் போயிருக்கிறது. காயமடைந்தவர் நலமாக வீடு திரும்பினார் என்று எழுதச் சொல்கிறார். முடியாது என்றேன். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக அவரிடம் முடியாது என்றிருக்கிறேன். பிறகு ஒரு பேரம் பேசினேன். பாலத்தில் வேலை நடக்கவில்லை, போன மடலில் வந்தது தவறு, யாரும் அதில் ஏற வேண்டாம் என்று முதல் பக்கத்தில் போடுங்கள், இதையும் எழுதித் தருகிறேன். ஐயா யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

அண்ணனிடம் வந்து சொன்னேன். பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

"எழுது பத்திரிகைக்காரி. நான் என்ன பலகையா, வராம கரையிலயே கிடக்க? வந்துடுவேன்."

ஏப்ரல் 4

இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். இரண்டாவதை எழுதும்போது கை கூசியது. ஆனால் உண்மையைச் சொன்னால், ஆசையாகவும் இருந்தது. எழுதிவிட்டால் வந்துவிடுவார் போல.

ஏப்ரல் 9, வியாழன்

காலில் உறைந்திருந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது. விடிந்ததும் பல் தேய்த்து, முகம் கழுவி, வீட்டுக்குப் போகச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அண்ணி மருந்துச் சீட்டு வாங்கப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்று வீட்டுக்கு வர வேண்டியவர். கொண்டுவந்தார்கள்.

ஏப்ரல் 10

சரிங்கய்யா துக்கம் கேட்க வந்தார். அந்தச் செய்தியை எடுத்துவிடுங்கள் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். சரிங்கம்மா என்றார்.

ஏப்ரல் 12

ஒன்றும் எழுத வரவில்லை.

ஏப்ரல் 27

அண்ணி வீட்டில் இருந்தேன். வாசலில் மடலைப் போட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு முன்னால் அண்ணி எடுத்துவிட்டாள்.

முதல் பக்கத்தில் பாலத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த இடத்தில் பழக்கூடையும் ஐயாவும், ஓரத்தில் அண்ணனின் பாதி முகம். கீழே நான் எழுதியது எழுத்து மாறாமல் இருந்தது. 'தையல் கலைஞர் பூரண நலத்துடன் இல்லம் திரும்பினார்.'

அண்ணி விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். திரும்பவும் படித்தாள். பிடுங்கிக் கிழித்துவிடலாமா என்று எழுந்தேன். அதற்குள் அவள் மெஷின் மேல் இருந்த அண்ணனின் கத்தரியை எடுத்து, அந்தச் செய்தியைச் சுற்றிக் கோணாமல் வெட்டினாள்.

"இதுலயாவது வந்து சேந்துட்டாரே."

அவளுக்கு என் மேல் கோபம் இருந்தால் தாங்கிக்கொள்வேன். இதை எப்படித் தாங்குவது?

திரும்பும்போது ஆற்றுப் பக்கமாக வந்தேன். பலகைகள் தார்ப்பாய்க்கு அடியிலேயே கிடக்கின்றன. கயிறு திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டிக் குதித்து இரண்டு பேர் சங்கிலியைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார்கள். கத்தினேன். "மடல்ல போட்டிருந்துதேம்மா" என்றார் ஒருவர்.

ஏப்ரல் 29

அலுவலகச் சாவியைச் சரிங்கய்யா மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ஐயா உள்ளே படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ஒரே பக்கம்தான். பாலத்தில் ஒரு பலகைகூட மாற்றவில்லை. மாற்றியதாக எழுதியவள் நான். என் அண்ணன் அதை நம்பி ஏறி விழுந்து இறந்துபோனார். அவர் வீடு திரும்பவில்லை. அடியில் என் பெயர், வீட்டு விலாசம்.

கடைக்காரர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எத்தனை பிரதி வேண்டும் என்று கேட்டார்.

மடல் எத்தனை வீட்டுக்குப் போயிற்றோ அத்தனை என்றேன்.