நட்சத்திரமா, கறையா?

ஆம்பூர்
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் ஜெனிஃபாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இங்கே சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அதில் பாதிதான் உண்மை, மீதியைக் கீழே எழுதுகிறேன். நீ அந்த அயர்லாந்துக் குளிரில் உடம்பு கெடாமல், வார்டு வேலைக்கு நடுவில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். போன் இருக்கும்போது யாரம்மா லெட்டர் எழுதுவார்கள் என்று கேட்பாய். போனில் உன் பெயர் வந்த உடனே உங்கப்பா ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறார், அவரைப் பற்றி அவர் காது கேட்க நான் எதைச் சொல்ல. அதனால்தான் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் இதை மடித்து வைக்கிறேன், தூள் சிந்தியிருந்தால் உதறிவிட்டுப் படி, கையைக் கண்ணில் வைக்காதே.

அப்பாவின் தோல் கம்பெனிக்கு வந்திருக்கிற வானத்து ஆர்டர் உனக்குத் தெரிந்ததுதான். பூமிக்கு வெளியே ஒரு பெரிய தொலைநோக்கியை மிதக்கவிட்டு, கோடி கோடி மைலுக்கு அப்பால் இருக்கிற நட்சத்திரக் கூட்டத்தையும் நெபுலா என்கிற புகை மேகத்தையும் படம் பிடித்து, அடடா மனுஷன் எவ்வளவு சின்னவன் என்று ஆச்சரியப்பட்டு, பிறகு அதே படத்தை ஆட்டுத்தோலில் அச்சடித்து, சில்லறை போட்டுக்கொள்ள ஜிப் வைத்துத் தைக்கிறார்கள். பர்ஸ், பெல்ட், செருப்பு, கண்ணாடிக் கூடு, எதைத் தொட்டாலும் அண்டசராசரம். இது எந்த நெபுலா, எத்தனை ஒளியாண்டு தூரம் என்று உள்ளே ஒரு கார்டு வேறு. பஜார்க்காரர்கள் சும்மா இருப்பார்களா, ரெக்சினில் காப்பி அடித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் வெற்றிலை பாக்கு வைத்துக்கொள்வது ஒரு நட்சத்திரக் கூட்டத்தில்தான், ஷேர் ஆட்டோவில் ஏறினால் சீட்டிலும் அதுதான், போன வாரம் ஒரு நெபுலாவின் மேல் உட்கார்ந்து வாணியம்பாடி வரைக்கும் போய் வந்தேன். இடுப்பு வலிதான் மிச்சம்.

இப்போது உங்கப்பா விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனியில் கடைசி டேபிளில் உட்கார்ந்து, உண்ணி கடித்த புள்ளி, முள் கீறின கோடு, சாயம் ஏறாத திட்டு என்று தேடித் தேடிக் கழிக்கிற செக்கர் வேலை அவருக்கு. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க மாட்டார் என்பது உனக்கே தெரியும். கல்யாணமான நாளிலிருந்து என் தோசை ஓரம், புடவை மடிப்பு, சுவரில் நான் அடித்த சுண்ணாம்பு, ஒன்றுகூட அவரிடம் பாஸானதில்லை. போன கிறிஸ்துமஸுக்குப் பிறகு பார்க்கிறேன், மனுஷன் குறை சொல்வதே இல்லை. கீரையில் புழு கிடந்தது, பேசாமல் சாப்பிட்டார். நான் பச்சைப் புடவைக்கு மெரூன் ஜாக்கெட்டைத் தெரியாமல் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினேன், நல்லா இருக்கற ராணி என்றார். இத்தனை வருஷம் கழித்து என்மேல் அன்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன் ஜெனி, செல்லம்மாளிடம் வெட்கமில்லாமல் சொல்லிக்கூடச் சிரித்தேன். வந்தது அன்பு இல்லை, சர்க்கரை. அவர் கண்ணுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

அப்போதெல்லாம் கம்பெனியில் கதை வேறு மாதிரி போய்க்கொண்டிருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. டியூப் லைட்டுக்குக் கீழே வெறும் தோலைப் பார்த்தால் அவர் கண்ணுக்குள் பறக்கிற கரும்புள்ளி தோலில் இருக்கிற மாதிரி தெரியுமாம், கழித்துவிடுவாராம். சூப்பர்வைசர் ஜியாவுல்லா, இன்னா சீலன் அண்ணே, நல்ல பீஸயெல்லாம் தள்ளிக்கினே இருக்கீங்க, பேஜாரா இருக்குது என்று சொல்லி, டேபிளை மாற்றலாமா என்று யோசிக்கிற நேரத்தில் வானத்து ஆர்டர் வந்து சேர்ந்தது. எது நட்சத்திரம், எது கறை என்று தெரியாமல் மற்ற செக்கர்கள் ஒவ்வொன்றையும் சாம்பிளோடு வைத்து வைத்துப் பார்த்துத் திண்டாடினார்கள். உங்கப்பாவுக்கு எல்லாப் புள்ளியும் நட்சத்திரம்தான், எடுத்தார், பாஸ், எடுத்தார், பாஸ். கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கெல்லாம் நேரம் ஜாஸ்தி ஆனது, இவர்தான் எல்லாருக்கும் முன்னால் முடித்தார். சீலன் அண்ணனப் பாத்துக் கத்துக்குங்கப்பா என்று சொல்லி ஒரு பர்ஸைப் பரிசாகக் கொடுத்து அனுப்பினார்கள். அதை டிவி பக்கத்தில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

ஜியாவுல்லாவின் மனைவி சகீனா ஒரு நாள் வந்திருந்தாள். அன்றைக்குக் காலையில்தான் நான் மீன் குழம்பைக் கரண்டியிலிருந்து அந்தப் பர்ஸ்மேல் சொட்டவிட்டிருந்தேன், துடைக்க மறந்துவிட்டது. உங்கப்பா அதைக் கையில் எடுத்து, சரியாக அந்தக் குழம்பிலேயே விரலை வைத்து, இங்கதாம்மா புது நட்சத்திரம் பொறக்குதாம், கார்டுல போட்டிருக்குது என்றார். சகீனா பாவம், மாஷா அல்லா என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். வாசல் வரைக்கும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா, அது கொழம்புதானே, அண்ணன் கண்ண மொதல்ல காட்டுங்க, எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் என்றாள்.

நல்ல வேளை, சபையில் கண் முகாம் வைத்தார்கள், சண்டை போட்டு இழுத்துக்கொண்டு போனேன். கண்ணுக்கு உள்ளே படம் எடுத்து டாக்டரம்மா கம்ப்யூட்டரில் பெரிதாகக் காட்டினார்கள். சிவப்பாக ஒரு உருண்டை, ஒரு ஓரத்தில் பளிச்சென்று வெளிச்சம், அதிலிருந்து கிளை கிளையாக நரம்பு, அங்கங்கே மஞ்சள் பொட்டு, கீழே ரத்தம் கசிந்த திட்டு. உங்கப்பா முகத்தை ஸ்கிரீனுக்குக் கிட்டே கொண்டுபோய், இந்த டிசைன் எங்களுக்கு இன்னும் வரல டாக்டர், எந்த கம்பெனிக்குப் போவுது என்று கேட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. இது உங்க கண்ணுங்க ஐயா என்றார்கள். போன பார்வை திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றலாம், உடனே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் லேசரும் ஊசியும் ஆரம்பிக்க வேண்டும், தள்ளிப்போட்டால் இதுவும் போய்விடும் என்றார்கள். நீ நர்ஸ், உனக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அவரோ இந்த ஆர்டர் முடியட்டும் என்கிறார். லீவு போட்டா வேற ஆள உக்கார வெச்சிடுவாங்க, திரும்பி வந்தா வெறும் தோலு டேபிளு, அங்க மாட்டிக்குவேன் என்கிறார். வானத்துக்கு எல்லை இல்லையாம், ஆர்டருக்கும் இல்லை, இப்போது நாய்க்குக் கழுத்துப் பட்டை வேறு கேட்டிருக்கிறார்களாம், நெபுலா போட்டு. இதற்கு நடுவில் நீ அங்கே ஒரு கடையில் அதே பர்ஸை வாங்கி, எங்கப்பா செக் பண்ணின பர்ஸ் என்று போட்டோ அனுப்பினாய். உன்மேல் தப்பில்லை, நான் போட்டோவில் இருப்பது என்னவென்று சொன்னதும் அவர் அழுதார். ஆனால் அன்றிலிருந்து ஆஸ்பத்திரி என்று வாயைத் திறந்தால், என் கண்ணுல கொறை இருந்தா என் பொண்ணு கைக்கு நல்ல பீஸு எப்படிப் போய் சேந்துது என்று கேட்கிறார். அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது. தோல் கம்பெனிக்காரர்கள் டாக்டர் சொன்னால் கேட்க மாட்டார்கள், பெண்டாட்டி சொன்னால் காதிலேயே விழாது, போதகர் சொன்னால் தலையை ஆட்டுவார்கள். வாங்கினவர் கம்ப்ளைண்ட் சொன்னால் மட்டும்தான் நடுங்குவார்கள். நீதானே வாங்கினவள். அந்தப் பர்ஸை வெளிச்சத்தில் வைத்து நன்றாகப் பார், தையல் விட்டிருக்கும், பசை வழிந்திருக்கும், ஏதாவது இருக்கும். போன் பண்ணி, இதை எப்படிப்பா பாஸ் பண்ணினாய் என்று கேட்டுவிடு. அவருக்கு வலிக்கும், கேட்கிற உனக்கு அதைவிட வலிக்கும், எனக்குத் தெரியாதா. எவ்வளவு தேடியும் குறையே இல்லையென்றால் பொய் சொல்லு, அந்தப் பாவம் என்மேல் இருக்கட்டும்.

இவ்வளவையும் நான் ஒளிந்து எழுதவில்லை ஜெனி. அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினேன். இன்னா ராணி பக்கம் பக்கமா எழுதற, எங்க காட்டு என்று இப்போதுதான் கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன். ஜன்னல் பக்கம் திருப்பி, முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், விரலால் தடவிக்கூடப் பார்த்தார். படித்துவிடுவாரோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆண்டவரே படித்துவிடட்டுமே என்றும் அடித்துக்கொண்டது. எல்லாம் கரெக்டா எழுதியிருக்கற, ஒரு கொறையும் இல்ல, அனுப்பு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். நானும் கையெழுத்து போடறேன், எடம் காட்டு என்றார். கீழே என் பெயரை முதலில் எழுதிவிட்டு, அவர் விரலைப் பிடித்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காத்து, உன் கைகளின் வேலையை ஆசீர்வதிக்கட்டும். ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே. பார்சல் கிடைத்த அன்றைக்கே அவரைக் கூப்பிடு, ஞாயிறு வரைக்கும் பார்க்காதே. போனில் அழுதுவிடாதே, கண்டிப்பாகப் பேசு.

உன் அம்மா
ஜெபராணி

(என் பெயரின்மேல் ஏறிக் கிடப்பது உன் அப்பாவின் கையெழுத்து.)